பெட்ரோல் விலையும் மைலேஜ் கணக்கும்

"லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

எங்கள் கள்ளக்குறிச்சி பக்கம் யாராவது புது வண்டி எடுத்தால் முதல் கேள்வி இதுதான். கலர், கம்பெனி எல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது நண்பர்களே. 1973-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருடம் அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர். பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 12 டாலர் பக்கம் போய்விட்டது. அமெரிக்காவில் மணிக்கு 55 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். ஹாலந்தில் ஞாயிற்றுக்கிழமை கார் எடுக்கவே தடை. நம் அரசு விலையை ஏற்றியது. ஏற்றினால் ஜனங்கள் குறைத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு. சிக்கனத்துக்கு முன்மாதிரியாக இந்திரா காந்தி குதிரை வண்டியில் போனார். விலையேற்றத்தை எதிர்த்து வாஜ்பாய் நவம்பரில் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்கு வந்தார். போட்டோ பிடித்தவர்களுக்கு நல்ல வேட்டை :)

1978-ல் பெட்ரோலிய சேமிப்புக்கென்றே பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள், சிக்னலில் என்ஜினை அணையுங்கள், டயரில் காற்று பாருங்கள். நல்ல யோசனைதான். ஆனால் கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறுபவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏது 45? சிக்னலுக்கு எங்கே போவது?

ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் போகலாம், முன்னால் ஒரு மூட்டையும் வைக்கலாம். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. மைலேஜைச் சொல்லியே விற்றார்கள். போகிற தூரத்தை யாரும் குறைக்கவில்லை, வண்டியை மாற்றினார்கள். என் பார்வையில் அரசின் எந்த விளம்பரத்தையும் விட இந்த இரண்டு வண்டிகள் சாதித்தது அதிகம்.

அரசு நினைக்காத திசையிலும் விலை வேலை செய்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் உதவட்டும் என்று டீசலைக் குறைந்த விலையில் வைத்திருந்தார்கள். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு மட்டும் போனது, இடைவெளி கூடியது, வசதியானவர்கள் டீசல் காராகப் பார்த்து வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போனபிறகுதான் அந்த மோகம் இறங்கியது.

தமிழக அரசின் கூத்து தனி. 2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம்! பஸ்ஸிலிருந்து இறக்கி பெட்ரோல் பங்குக்கு அனுப்பியது போல ஆனது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததும்தான் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அதே ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தார்கள்.

மலைக்காரருக்கு இதில் எது உதவியது? வெள்ளிமலையில் கடைசி பஸ்ஸை விட்டால் விலை என்னவானாலும் பைக்தான். அவருக்கு உண்மையில் பெட்ரோல் மிச்சமானது 2019 நவம்பரில், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது. அதற்கு முன் கலெக்டரிடம் மனு கொடுக்க மலையிறங்கி, கள்ளக்குறிச்சியையும் தாண்டி விழுப்புரம் வரை போகவேண்டும். இப்போது கள்ளக்குறிச்சியோடு திரும்பிவிடலாம். அதை யாரும் எரிபொருள் சிக்கனத் திட்டம் என்று விளம்பரம் செய்யவில்லை.