அட்டாரிப் பெட்டியும் 128 பைட்டும்

விளையாட்டுப் பெட்டி என்றாலே பெற்றோர் பலருக்கு முகம் சுளிக்கும். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், ஒரு பழைய பெட்டியின் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கே ஏற்றது என்பது என் எண்ணம். அதனை ஈண்டுச் சொல்ல விழைகிறேன்.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் அப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 199 டாலர். தொலைக்காட்சியோடு இணைத்து, கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகினால் ஆட்டம் தொடங்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஆட்டமும் மாறும். பிற்காலத்தில் 'அட்டாரி 2600' என்ற பெயரால் அது புகழ் பெற்றது. ஆக்கிய பொறியாளர்கள் தங்களுக்குள் அதை 'ஸ்டெல்லா' என்றே அழைத்தனர். யாரோ ஒரு நங்கையின் பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். ஜோ டிக்யூர் என்ற பொறியாளரிடம் இருந்த சைக்கிளின் பெயர் அது!

அப்பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 128 பைட். இது எவ்வளவு சிறிது? திருக்குறளின் முதல் குறளை இன்றைய யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் தட்டினால், சொற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடங்களையும் சேர்த்து 123 பைட் ஆகிறது. பாக்கி 5 பைட். ஒரே ஒரு குறள் கொள்ளும் அந்த இடத்துக்குள்தான் ஆடுபவரின் இருப்பிடம், எதிரியின் இருப்பிடம், புள்ளிக் கணக்கு, மிச்சமிருக்கும் உயிர் அத்தனையும் அடங்க வேண்டும்.

இந்நிலையில் முழுப் படத்தையும் வரைந்து வைக்க இடமேது? அக்காலத் தொலைக்காட்சியில் எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடித் திரையை ஒளிரச் செய்யும். அமெரிக்க முறையில் இப்பெட்டி ஒரு படத்துக்கு 262 கோடுகள் அனுப்பும். கதிர் ஒரு கோட்டைக் கடந்து திரும்பும் நேரத்தில் பெட்டியின் செயலி 76 முறை துடிக்கும். ஒரு கட்டளைக்குக் குறைந்தது 2 துடிப்பு வேண்டும். பலவற்றுக்கு 3, 4, 5 என்று போகும். ஆக, இருபத்துச் சொச்சம் கட்டளைகளுக்குள் அந்தக் கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதைச் சொல்லி முடித்தாக வேண்டும். பிந்தினால் படம் குலைந்து போகும். கதிரோடு ஓட்டப் பந்தயம் ஓடுகிற பிழைப்பு!

படம் காட்டும் சில்லுக்கு டி.ஐ.ஏ. என்று பெயர். 'பாங்', 'டேங்க்' ஆகிய இரண்டு ஆட்டங்களை மனத்தில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். ஆகவே இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து, பின்னணி. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனால் 1980இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை ரிக் மாரர் இப்பெட்டிக்குக் கொண்டு வந்தபோது திரையில் 36 படையாட்கள் அணிவகுத்து நின்றார்கள். எப்படி? ஓர் உருவத்தைப் பக்கத்தில் மும்முறை காட்ட அந்தச் சில்லால் முடியும். இரண்டு உருவம் மும்மூன்றாக ஆறு. கதிர் கீழே இறங்க இறங்க அதே இரண்டையும் அடுத்த வரிசைக்கு மறுபடி பயன்படுத்தினால் ஆறு வரிசை. அட, இவ்வளவுதானா என்று தோன்றும். கண்டுபிடித்த பிறகு எல்லாம் அப்படித்தான்.

இத்தனை மூளை உழைத்தும் ஆட்டம் எழுதியவர் பெயரை அட்டாரி வெளியிடவில்லை. மனம் பொறாத வாரன் ராபினெட், தாம் எழுதிய 'அட்வெஞ்சர்' ஆட்டத்தில் ஓர் இரகசிய அறை கட்டித் தம் பெயரை ஒளித்து வைத்தார். யூட்டா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்! வேறு நால்வர் வெளியேறி 1979இல் 'ஆக்டிவிஷன்' நிறுவனத்தில் இறங்கினர். அங்கே எழுதியவர் பெயர் அட்டைப் பெட்டியிலேயே வந்தது.

1983இல் அமெரிக்க ஆட்டச் சந்தை சரிந்தது. விற்காத சரக்கை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊரில் புதைத்தார்கள். 2014இல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். 1992இல் 2600இன் காலம் முடிந்தது.

நிற்க. பெட்டி போனால் போகட்டும். அதை ஆட்டிவைத்த வித்தையும் அதோடு போயிருக்க வேண்டியது. ஸ்டீவ் ரைட் 1979இல் எழுதிய வழிகாட்டி நூல் நிறுவனத்தாரின் உபயோகத்துக்கானது. 1993இல் ஓர் ஆர்வலர் அதை மறுபடி தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார். வேறு சிலர் பழைய கார்ட்ரிட்ஜ்களின் உள்ளடக்கத்தைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துப் படித்தார்கள். 1995இல் 'எட்ட்ரிஸ் 2600' என்ற புதிய ஆட்டம் வந்தது. எழுதியவர் ஊதியம் வாங்கிய ஊழியர் அல்லர், பொழுதுபோக்காகச் செய்தவர். அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை.

பழுது பார்ப்போரின் பாடு வேறு. டி.ஐ.ஏ. சில்லு இப்போது தயாரிப்பில் இல்லை. செத்த பெட்டியிலிருந்து கழற்றித்தான் உயிருள்ள பெட்டிக்குப் போட வேண்டும். கெப்பாசிட்டர், 5 வோல்ட் சீராக்கி போன்றவை கடையில் கிடைக்கும். பல சமயம் கார்ட்ரிட்ஜின் செப்புப் பற்களை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே போதும், பெட்டி எழுந்து உட்கார்ந்துவிடும்.

இசையமைப்பதுதான் பெரும் சோதனை. குரல் இரண்டே. ஒவ்வொன்றுக்கும் 32 சுருதி நிலைகள். அவையும் வகுத்தல் கணக்கில் பிறப்பவை. சங்கீதத்துக்கு என்று அமைந்தவை அல்ல. பாதிக் கட்டை கழன்று, மீதியில் பல சுருதி விலகிய ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இசையமைப்பவர் முதலில் எந்தெந்த ஸ்வரம் ஒன்றோடொன்று இணங்கும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு, அதற்குள் அடங்கும் மெட்டைத் தேடுகிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 60 படம். மலேசியாவும் சிங்கப்பூரும் கைக்கொண்டிருந்த பால் முறையில் 50. மெட்டுக்குத் தாளம் படத்தை எண்ணித்தான் போடப்படுகிறது. எனவே, அமெரிக்கப் பெட்டிக்கு எழுதிய துள்ளல் பாட்டைத் திருத்தாமல் பால் பெட்டியில் போட்டால், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து தாலாட்டு மாதிரி ஒலிக்கும். அதனால்தான் ஆர்வலர் பலர் ஒரே ஆட்டத்தை இரண்டு முறைக்கும் தனித்தனியாக எழுதித் தருகிறார்கள்.