கடல் கடந்த ஓவல்: அமெரிக்கத் திறந்த சக்கரப் பந்தயத்தின் வெளிநாட்டு முயற்சிகள்

அமெரிக்கத் திறந்த சக்கரக் கார்ப் பந்தயத் தொடரான இண்டிகாரின் அடுத்த ஆண்டு அட்டவணை வெளியாகும் ஒவ்வொரு முறையும் அதன் ரசிகர்களிடையே ஒரு வாதம் கிளம்புகிறது. ஓட்டுநர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டவர். பந்தயங்களோ, கனடாவில் நடக்கும் ஒன்றைத் தவிர, எல்லாமே அமெரிக்க மண்ணில். பிரேசில், ஜப்பான், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று இத்தனை நாடுகளில் ரசிகர்கள் காத்திருக்கும்போது ஏன் போகக் கூடாது என்று ஒரு தரப்பு கேட்கிறது. உள்ளூர்ப் பந்தயங்களிலேயே இருக்கைகள் நிரம்பாதபோது வெளியூர்ப் பயணம் எதற்கு என்று மறுதரப்பு மடக்குகிறது.

இரு தரப்பும் பழைய பந்தயங்களைச் சான்றாகக் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் சர்ஃபர்ஸ் பாரடைஸைப் பார் என்கிறது ஒன்று. இங்கிலாந்தின் ராக்கிங்ஹாமைப் பார் என்கிறது மற்றொன்று. ஆனால் ஒன்று ஏன் 18 ஆண்டுகள் நிலைத்தது, இன்னொன்று ஏன் இரண்டே ஆண்டுகளில் முடிந்தது என்ற கேள்வியை இருவரும் தொடுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. 1957 முதல் நடந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு வெளிநாட்டுப் பந்தயத்தின் ஆயுளைத் தீர்மானித்தது ரசிகர் கூட்டம் மட்டுமல்ல என்பது தெரிகிறது. அந்தப் பந்தயம் யாருக்குத் தேவைப்பட்டது என்பதே தீர்மானித்தது.

மோன்சாவில் இரண்டு கோடைகள்

அமெரிக்கத் திறந்த சக்கரப் பந்தயத்தின் தாய்வீடு இண்டியானாபொலிஸ். 1909-இல் திறக்கப்பட்ட, சுற்றுக்கு 2.5 மைல் நீளமுள்ள அந்த நீள்வட்டத் தடத்தில், அதாவது ஓவலில், 1911 முதல் 500 மைல் பந்தயம் நடந்துவருகிறது. 1950 முதல் 1960 வரை அது உலக ஓட்டுநர் சாம்பியன்ஷிப்பின் ஒரு பகுதியாகவும் கணக்கிடப்பட்டது. அந்த உறவு ஏட்டளவில் மட்டுமே. ஐரோப்பாவிலிருந்து அங்கே போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1952-இல் ஃபெராரியோடு போன ஆல்பர்ட்டோ அஸ்காரி, 40 சுற்றுகளில் சக்கரம் பழுதாகி வெளியேறினார்.

எதிர்த்திசைப் பயணம் 1957 ஜூனில் தொடங்கியது. இத்தாலியின் மோன்சாவில் 1955-இல் மிகச் செங்குத்தான சாய்வு வளைவுகளோடு ஒரு வேகத்தடம் கட்டியிருந்தார்கள். அதில் 500 மைல் பந்தயம் ஒன்றை அறிவித்து அமெரிக்கர்களை அழைத்தார்கள். ‘இரு உலகங்களின் பந்தயம்’ என்று பெயர். பகுதிக்கு 63 சுற்றுகளாக மூன்று பகுதிகள். அமெரிக்கக் கார்களுக்கு ஏற்றபடி இடஞ்சுழியாக ஓடினார்கள். ஐரோப்பிய ஓட்டுநர் சங்கம் பாதுகாப்பைக் காரணம் காட்டி விலகிக்கொண்டது. வந்தது ஸ்காட்லாந்தின் எக்யூரி எகாஸ் அணி மட்டுமே. ஒரு வாரத்துக்கு முன்புதான் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்திருந்த அணி அது. அதன் ஜாகுவார்கள் திறந்த சக்கரக் கார்களே அல்ல. ஆனாலும் அமெரிக்கக் கார்களுக்கு இரண்டே கியர்கள் என்பதால், நான்கு கியர் கொண்ட ஜாகுவாரில் ஜாக் ஃபேர்மன் முதல் சுற்றில் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தார். அடுத்த சுற்றுகளில் அமெரிக்கர்கள் அவரைக் கடந்து போனார்கள். ஜிம் பிரையன் வென்றார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு சுமார் 160 மைல். இண்டியானாபொலிஸிலேயே அன்று யாரும் காணாத வேகம்.

1958-இல் ஐரோப்பியர்கள் இறங்கி வந்தார்கள். ஃபெராரி தனிக் கார் கட்டியது. அதில் லூய்ஜி முஸ்ஸோ தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டினார். ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய மசெராட்டி, ஸ்டீயரிங் முறிந்து தடுப்பில் மோதியது; அவர் உயிர் தப்பினார். ஜிம் ராத்மன் மூன்று பகுதிகளையும் வென்றார். 1959-இல் பந்தயம் இல்லை.

மோன்சாவை ஒரு விசித்திரமாகப் பார்த்துவிட்டு நகர்வது ரசிகர்களின் வழக்கம். எனக்கு அது எல்லா முயற்சிகளுக்குமான முன்மாதிரியாகத் தெரிகிறது. இத்தாலியர்களுக்குப் புதிய தடம் இருந்தது, அதற்கு ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. உள்ளூர் ஓட்டுநர்களுக்கோ ஓவல் பந்தயம் சொந்தக் கலை அல்ல. கட்டியவருக்குத் தேவை, ஓட்டுபவருக்கு அந்நியம். இந்த முரணை மீண்டும் மீண்டும் சந்திப்போம்.

ரஃபேலா

1966 அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜி தடத்தில் ஒரு கண்காட்சிப் பந்தயம் நடந்தது. ஜாக்கி ஸ்டூவர்ட் வென்றார். அது சாம்பியன்ஷிப் கணக்கில் சேரவில்லை.

1971 பிப்ரவரியில் நடந்தது வேறு வகை. அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே மாகாணத்தில் ரஃபேலா என்ற ஊர். அங்கே ஒரு விளையாட்டுக் கழகம், ‘அர்ஜென்டின 500 மைல்’ என்ற பந்தயத்தை 1926-லேயே தொடங்கியிருந்தது. இண்டியானாபொலிஸைப் பார்த்து எழுந்த ஆசைதான். ஆனால் அதை யாரும் ஏற்றுமதி செய்யவில்லை, ஊர்க்காரர்களே வளர்த்தார்கள். மண் பாதையாகத் தொடங்கிய ஓட்டம், 1966-இல் தார் போட்ட பெரிய ஓவலுக்கு வந்தது. அமெரிக்கப் பந்தயங்களை அப்போது நடத்திவந்த யூசாக் அமைப்பு 1971 பருவத்தின் முதல் பந்தயத்தையே அங்கே நடத்தியது. அல் அன்சர் வென்றார். மோன்சாவில் வளைவுகளைக் கட்டிவிட்டு ஆள் தேடினார்கள். ரஃபேலாவில் 45 ஆண்டுப் பழக்கம் முதலில் இருந்தது. விருந்தாளிகள் பிறகு வந்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு யூசாக் திரும்பவில்லை. பின்னால் வந்த அமைப்புகளும் அந்த ஊரை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த வரலாற்றின் மிகப் பெரிய தவறவிட்ட வாய்ப்பு என்று இதையே சொல்வேன்.

1978 இலையுதிர் காலத்தில் யூசாக் இங்கிலாந்துக்குப் போனது. மழையில் நனைந்த சில்வர்ஸ்டோனில் ஏ.ஜே. ஃபாய்ட்டும், ஒரு வாரம் கழித்து பிராண்ட்ஸ் ஹாட்சில் ரிக் மியர்ஸும் வென்றார்கள். அதே ஆண்டு அணி உரிமையாளர்கள் யூசாக்கை எதிர்த்துக் கிளர்ந்து, அவர்களில் ஒருவரான டான் கர்னி எழுதிய அறிக்கையின் அடிப்படையில் கார்ட் என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துப் பயணம் அந்தச் சண்டையில் மறந்துபோனது.

தேவைப்பட்டவர்கள்

கார்ட் அமைப்பு 1980, 1981-இல் மெக்சிகோ சிட்டிக்கும், பிறகு கனடாவுக்கும் போனது. கடல் தாண்டியது 1991 மார்ச்சில். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில், கடற்கரையை ஒட்டிய சர்ஃபர்ஸ் பாரடைஸ் தெருக்களையே தடமாக்கினார்கள். ஃபார்முலா 1-ஐ அப்போது ஆண்ட ஃபிசா அமைப்பு இதை விரும்பவில்லை. வட அமெரிக்கப் போட்டி ஒன்று உலகம் சுற்றத் தொடங்குவது தன் எல்லைக்குள் கால் வைப்பதாக அதற்குப் பட்டது. பந்தயம் நடந்தது, ஜான் ஆண்ட்ரெட்டி வென்றார். 1993-இல் ஃபார்முலா 1 சாம்பியன் பட்டத்தோடு கார்ட்டுக்கு வந்த நைஜல் மான்செல் தன் முதல் பந்தயத்தை அங்கேயே வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் பிடித்தார். அமெரிக்கத் திறந்த சக்கரப் பந்தயம் உலகின் முன் இவ்வளவு உயரத்தில் நின்ற காலம் வேறில்லை.

சர்ஃபர்ஸ் பாரடைஸ் 2008 வரை நீடித்தது. காரணம் குவீன்ஸ்லாந்து அரசு. சுற்றுலாவை நம்பி வாழும் நகரின் கடற்கரை உலகத் தொலைக்காட்சியில் தெரிய வேண்டும். அதற்குப் பொதுப்பணம் செலவிடலாம் என்று அரசு முடிவெடுத்தது. கார் எந்த நாட்டுடையது என்பது அதற்கு இரண்டாம் விஷயம். இண்டிகார் போன பிறகு அதே தெருக்களில் ஆஸ்திரேலியாவின் சொந்த சூப்பர்கார் பந்தயம் தொடர்ந்து நடக்கிறது.

ஜப்பானின் மொடேகியின் கதை இன்னும் தெளிவானது. ஹோண்டா நிறுவனம் 1997-இல் திறந்த தடம் அது, 1.5 மைல் ஓவலும் சாலைத்தடமும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். 1998-இல் கார்ட் அங்கே போனது. மெக்சிகோவின் அட்ரியன் ஃபெர்னாண்டஸ் வென்றார். இதற்குள் அமெரிக்கத் திறந்த சக்கர உலகம் இரண்டாகப் பிளந்திருந்தது: இண்டியானாபொலிஸ் தடத்தின் தலைவர் டோனி ஜார்ஜ், 1996-இல் இண்டி ரேசிங் லீக் என்ற போட்டி அமைப்பை ஓடவிட்டார். 2003-இல் ஹோண்டா கார்ட்டை விட்டு லீக்கின் பக்கம் சாய்ந்தது. மொடேகி பந்தயமும் அதே ஆண்டு லீக்கின் பக்கம் போனது. பந்தயம் யாருடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2008, கார்ட்டின் வாரிசு அமைப்பும் லீக்கும் ஒன்றான ஆண்டு. இணைப்பு முடிவானது பிப்ரவரியில். மொடேகியும் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சும் ஏற்கெனவே ஒரே வார இறுதியில் ஒப்பந்தமாகியிருந்தன. இரண்டையும் நகர்த்த முடியவில்லை. ஒரே சாம்பியன்ஷிப்பின் அணிகள் இரு கண்டங்களில் பிரிந்து ஓடின. மழையால் ஒரு நாள் தள்ளிப்போன மொடேகியில், ஏப்ரல் 20 அன்று டானிகா பாட்ரிக் வென்றார். இண்டிகார் பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண் அவர். அமெரிக்காவின் பெரும்பகுதி அப்போது நள்ளிரவில் இருந்தது.

2011 மார்ச் நிலநடுக்கம் ஓவலைச் சேதப்படுத்தியது. செப்டம்பரில் சாலைத்தடத்தில் கடைசிப் பந்தயம் நடந்தது. 14 ஆண்டுத் தொடர் அதோடு முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2017-இல், டகுமா சாட்டோ இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்ற முதல் ஜப்பானியர் ஆனார். 2020-இல் மறுபடியும் வென்றார். அவர் நாட்டில் ஓட இண்டிகாருக்கு அப்போது ஒரு பந்தயமும் இல்லை.

2001 செப்டம்பர்

ஐரோப்பிய ஓவல்களுக்கு வருவோம். கார்ட் 2001-இல் அடுத்தடுத்த வாரங்களில் ஜெர்மனியின் லாவ்ஸிட்ஸிலும் இங்கிலாந்தின் ராக்கிங்ஹாமிலும் ஓடத் திட்டமிட்டது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து, ‘அமெரிக்க நினைவஞ்சலி’ என்று பெயர் மாற்றி, லாவ்ஸிட்ஸ் பந்தயத்தை நடத்தினார்கள். முன்னிலையில் இருந்த அலெக்ஸ் சனார்டி, பிட்டிலிருந்து வெளியேறும்போது கார் சுழன்று தடத்தின் குறுக்கே போனது. முழு வேகத்தில் வந்த கார் அதைப் பிளந்தது. இரு கால்களையும் இழந்தார். கையால் ஓட்டும் சைக்கிளில் பயின்று, 2012 லண்டன் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். அந்தச் சாலைப் போட்டி நடந்த இடம் பிராண்ட்ஸ் ஹாட்ச், 1978-இல் மியர்ஸ் வென்ற அதே தடம்.

ராக்கிங்ஹாமில் தடத்தின் அடியிலிருந்து நீர் ஊறிப் பயிற்சி நாட்களைத் தின்றது. ஆனால் சுருக்கி நடத்திய பந்தயத்தில், கடைசிச் சுற்றில் கென்னி பிராக்கை முந்தி ஜில் டி ஃபெரான் வென்ற காட்சியை ஆங்கிலேயப் பார்வையாளர்கள் எழுந்து நின்று ரசித்தார்கள். ரசனை இருந்தது, தேவை உள்ளவர் இல்லை. 2002-க்குப் பிறகு ராக்கிங்ஹாமுக்கும், 2003-க்குப் பிறகு லாவ்ஸிட்ஸுக்கும் யாரும் வரவில்லை. பங்குச்சந்தைக்கு 1998-இல் போன கார்ட், 2003 முடிவில் திவாலானது.

வெளிநாட்டு ஓவல்களின் கதியையும் பார்க்க வேண்டும். மோன்சாவின் சாய்வு வளைவுகளில் இன்று பந்தயம் இல்லை. 1996 முதல் 2000 வரை கார்ட் ஓடிய ரியோவின் ஜக்கரேபாகுவா தடம், 2016 ஒலிம்பிக் பூங்காவுக்காக இடிக்கப்பட்டது. ராக்கிங்ஹாம் 2018-இல் பந்தயங்களை நிறுத்திக்கொண்டது. ஓவல் என்ற கட்டடத்தை வேறு நாட்டில் எழுப்பலாம். அதில் வாரந்தோறும் ஓட உள்ளூர்ப் பந்தயம் இல்லாவிட்டால் அது வெறும் கான்கிரீட்.

வாதத்தின் இன்றைய நிலை

பிறகு நடந்தவை பெரும்பாலும் ரத்துகளின் வரிசை. 2010 முதல் 2013 வரை சாவோ பாவ்லோ தெருக்களில் நான்கு பந்தயங்கள் உண்மையாகவே நடந்தன. முதல் மூன்றையும் வில் பவர் வென்றார். சீனாவின் சிங்டாவோ, 2012-க்கென அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு கைவிடப்பட்டது. பிரேசிலியா, 2015 மார்ச்சில் நடக்க இருந்து, ஐந்து வாரங்களுக்கு முன் உள்ளூர் அரசால் ரத்தானது.

‘முதலில் வீட்டைப் பார்’ என்னும் ரசிகர்களிடம் கனமான நியாயம் இருக்கிறது. அணிகளின் விளம்பரதாரர்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையில் விற்பவர்கள். ஆண்டுக்கணக்கில் சிப் கனாசி அணியின் பெயரைத் தாங்கிய டார்கெட் கடைகளுக்கு ஜப்பானில் ஒரு கிளைகூட இல்லை. கார்களை விமானத்தில் ஏற்றும் செலவை அழைப்பவர் ஏற்காவிட்டால் சிறிய அணிகள் தாங்காது. ஆனால் பருவம் மார்ச்சில் தொடங்கி, அமெரிக்கக் கால்பந்து வருவதற்குள், கோடை முடிவில் முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கார்கள் சும்மா நிற்கின்றன. தெற்கு அரைக்கோளத்தில் அது பந்தயம் நடத்த உகந்த காலம். வெளியே போகச் சொல்பவர்களின் வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான்.

ஆகவே எங்கே போவது? அரசு ஒன்றின் சுற்றுலா ஆசையை மட்டும் நம்பிப் போனால் ஆட்சி மாறும்போது பிரேசிலியா போலாகும். கார் நிறுவனம் ஒன்றை மட்டும் நம்பினால் அது மனம் மாறும்போது எல்லாம் மாறும். சொந்த ஓட்டுநரும் சொந்தப் பந்தயப் பழக்கமும் ஏற்கெனவே உள்ள நாடுகளுக்கே முதலில் போக வேண்டும். இண்டிகார் ஓட்டுநர் பாட்டோ ஓ’வார்டின் மெக்சிகோ அதில் ஒன்று. மற்றொன்று அர்ஜென்டினா: 2022 நவம்பரில் ஜுங்கோஸ் ஹோலிங்கர் அணி ஒரு காரை அங்கே கொண்டுபோய் அகுஸ்டின் கனாபினோவை ஓட்டச் செய்தபோது, ஒரே ஒரு காரைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. அடுத்த ஆண்டு அவர் இண்டிகாரின் முழுநேர ஓட்டுநர் ஆனார்.

ரஃபேலாவின் ஓவல் இன்றும் இருக்கிறது. இன்றைய வேகத்துக்கு ஏற்ற தடுப்புகளும் மருத்துவ வசதியும் அங்கே புதிதாக வேண்டியிருக்கும். 1971-க்குப் பிறகு அர்ஜென்டினாவில் அமெரிக்கத் திறந்த சக்கரப் பந்தயம் ஒன்றுகூட நடக்கவில்லை.