ஏரி கேட்பதும் வயல் கேட்பதும்: இன்டர்லாக்கனும் முசிறியும்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் என்ற ஊரின் பெயருக்கே ‘ஏரிகளுக்கு நடுவே’ என்றுதான் பொருள். கிழக்கே பிரியன்ஸ் ஏரி, மேற்கே தூன் ஏரி, இரண்டையும் இணைத்து ஓடும் ஆரே ஆறு. ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கு மேல். 6,000 பேர்கூட இல்லாத இந்த ஊரில் கழிவுநீரை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்பதை முடிவு செய்தது ஊரின் அளவன்று, அந்நீரை வாங்கிக்கொள்ளும் ஏரிதான்.

1963-இல் செர்மாட்டில் குடிநீர் வழியே டைபாய்டு பரவி 400-க்கும் மேற்பட்டோர் படுத்த பிறகே சுவிட்சர்லாந்து சுத்திகரிப்பு நிலையங்களை விரைந்து கட்டியது. பின்னர் பாஸ்பரஸ் மிகுந்து ஏரிகளில் பாசி படர்ந்தது. துணி துவைக்கும் சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்கு 1986-இல் தடை வந்தது. கழிவுநீரிலிருந்தும் பாஸ்பரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. ஏரிகள் தெளிந்தன. பிரியன்ஸ் ஏரியிலோ, 1999-இல் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு ஏறக்குறைய மறைந்து, அதை உண்ணும் ஃபெல்சன் மீனின் பாடும் சரிந்தது. பாஸ்பரஸ் நீக்கத்தைத் தளர்த்துங்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள், அரசு இணங்கவில்லை.

தூய்மைக்கு எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே அளவுகோல் இல்லை என்பதற்கு இந்த எடுத்துக்காட்டே போதும். வறண்ட சிற்றூருக்குத் திட்டம் போடுவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். ஆனால் நம் ஊர்களில் பாதாளச் சாக்கடையிலிருந்து தொடங்குகிறார்கள். சாக்கடைக் குழாயில் கசடு தங்காதிருக்க நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அதனால்தான் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சாக்கடை உள்ள நகரத்துக்குத் தலைக்கு 135 லிட்டரும், இல்லாத ஊருக்கு 70 லிட்டரும் குடிநீர் வழங்கச் சொல்கின்றன. நாள் விட்டு நாள் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் இந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்க ஒரு மனிதரை இறக்குவார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னும் அப்படி இறங்கியவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். வடிவமைப்பில் நேரும் பிழைக்கு விலையாகப் போவது உயிர்.

திருச்சி மாவட்டத்து முசிறி வேறு வழியைக் காட்டியது. ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் 2000-களில் அங்கு சூழல் காக்கும் கழிப்பறைகளைப் பரப்பியது. நாம் கால் கழுவும் வழக்கத்துக்கேற்ப மூன்று வழிகள்: மலம் ஒரு குழிக்கு, சிறுநீர் ஒரு கலனுக்கு, கழுவிய நீர் கல்வாழைப் பாத்திக்கு. குழி நிறைந்ததும் மூடி, சாம்பலோடு மாதக்கணக்கில் ஆறவிட்டு எருவாக்கினார்கள். பொதுக் கழிப்பறைக்கு வந்தவர்களுக்குச் சிறு தொகை கொடுத்ததும் உண்டு. சிறுநீர் வாழைக்குப் போனது. கழிவுநீரின் மொத்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரில்தான் கழிவுநீரிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடும் பாஸ்பரஸில் பாதியும் இருக்கின்றன. இன்டர்லாக்கனில் ஏரிக்குக் கேடு என்று விலக்கப்படும் அதே பொருள், முசிறி உழவருக்குக் காசு கொடுத்து வாங்கும் உரம்.

முசிறியையும் அப்படியே நகலெடுக்க முடியாது. குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய நீரே வீட்டிலிருந்து வெளியேறுவதில் பெரும்பங்கு. அதற்கு இந்தக் கழிப்பறை விடையாகாது. அந்நீரைத் திறந்த குட்டையில் தேக்கினால் கோடையில் நீர் ஆவியாகி உப்பு எஞ்சும். பயிர்ப் பாத்தியும் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை விட்டுவைக்கும். ஆகவே வறண்ட ஊருக்கு மூடிய, காற்றில்லாத தடுப்பறைத் தொட்டியே முதற்படி. அதிலிருந்து வெளியேறும் நீரை உப்பு தாங்கும் தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ பாய்ச்சலாம். உவர் நிலமானால், பாய்ச்சும் முன் மண்ணைச் சோதித்தே ஆக வேண்டும்.

எருக்குழியைத் திறப்பது யார் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. முன்பு மலம் அள்ளிய சாதியினரின் கையிலேயே மண்வெட்டியைக் கொடுத்தால் குழியின் வடிவம் மட்டும்தான் மாறியிருக்கும். குழியை முழுதாக ஆறவிடும் காலம், இயந்திரம், உரத்தை விற்கும் பேரூராட்சியே தரும் மாதச் சம்பளம் ஆகியவை மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். தொட்டிக்குச் சிமெண்ட் கணக்குப் போடும் அதே பக்கத்தில்.