ஏற்பதும் மாறுவதும்: மார்ஷா லினெஹன் உருவாக்கிய சிகிச்சையின் வரலாறு



தேர்வு முடிவு வந்த அன்று ஒரு மாணவி உங்களிடம் வந்து அழுகிறாள். "சரிம்மா, விடு, அடுத்த முறை நல்லா செஞ்சிடலாம்" என்று தட்டிக்கொடுக்கிறீர்கள். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனாலும் அவள் முகம் இன்னும் வாடிப் போகுதே, ஏன்? இதே கேள்வி அமெரிக்க உளவியலாளர் ஒருவரையும் பல ஆண்டுகள் வாட்டியது. அவர் கண்ட விடைதான் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி.

பூட்டிய அறையில் ஒரு சபதம்

மார்ஷா லினெஹன் 1943இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தார். 1961இல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று அங்கு யாருக்கும் தெரியவில்லை. மனச்சிதைவு நோய் என்றார்கள், மருந்து கொடுத்தார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், தனியறையில் அடைத்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. இந்த நரகத்திலிருந்து வெளியே வருவேன், வந்தபின் மற்றவர்களையும் மீட்பேன் என்று அங்கேதான் அவர் சபதம் செய்தார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தார். சிகாகோவில் வேலை செய்துகொண்டே இரவு வகுப்புகளில் படித்தார். 1971இல் லயோலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1977இல் சியாட்டல் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார்.

இரு வழிகளும் தோற்ற இடம்

அக்காலத்தில் செல்வாக்கோடு இருந்தது நடத்தைச் சிகிச்சை. பிரச்சினையைக் கண்டுபிடி, நடத்தையை மாற்று என்பது அதன் வழி. உயிரையே வெறுத்து வந்த பெண்களிடம் லினெஹன் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். "மாறு, மாறு" என்று சொல்லச் சொல்ல, "அப்போ தப்பு எல்லாம் என் மேலதானா?" என்று அவர்கள் கொதித்தார்கள். சரி, மாற்றத்தை விட்டுவிட்டு அவர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்று பார்த்தார். "நான் இங்க துடிச்சிக்கிட்டு இருக்கேன், நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்ற நிலை வந்தது.

ஆக, ஒன்று மட்டும் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். ஏற்றுக்கொள்ளுதலை எப்படிக் கற்பிப்பது என்று அறிய அவர் ஜென் தியானம் பயின்றார். கலிபோர்னியாவில் ஒரு ஜென் மடத்தில் தங்கினார். பிறகு ஜெர்மனியில் வில்லிகிஸ் யேகர் என்ற துறவியிடம் கற்றார். எதிரெதிரான இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடித்து, அவற்றிலிருந்து புதிய தெளிவை அடைவதே 'டயலெக்டிக்' என்னும் இயங்கியல். சிகிச்சையின் பெயர் இங்கிருந்துதான் வந்தது.

நான்கு திறன்கள்

டி.பி.டி.யில் நான்கு திறன்கள் பாடம் போலவே கற்பிக்கப்படுகின்றன, வீட்டுப்பாடமும் உண்டு:

1. விழிப்புநிலை: இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிப்பது.
2. துயரம் தாங்கும் திறன்: நெருக்கடியை மேலும் மோசமாக்காமல் கடப்பது.
3. உணர்ச்சியை நெறிப்படுத்துதல்: உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, தேவையானால் அதற்கு எதிராகச் செயல்படுவது. உண்மையான ஆபத்து இல்லாதபோது பயம் "ஓடு" என்றால், நாம் நெருங்கிப் போவது.
4. உறவுத் திறன்: உறவும் கெடாமல், தன்மானமும் இழக்காமல் வேண்டியதைக் கேட்பது, வேண்டாததை மறுப்பது.

1991இல் முதல் பெரிய ஆய்வு முடிவு வெளிவந்தது. ஓராண்டு டி.பி.டி. பெற்ற பெண்களிடம் தன்னைக் காயப்படுத்தும் செயல்கள் குறைந்தன. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் குறைவு. ஆனால் மனச்சோர்வு அளவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு தெளிவான வேறுபாடு இல்லை. இதையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும். 1993இல் அவருடைய பாடநூல் வந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்ததா என்று நோயாளிகள் அவரிடம் கேட்டதுண்டு. 2011இல், தாம் அடைக்கப்பட்டிருந்த அதே மருத்துவமனையில் நின்று, அவர் தம் கதையை உலகறியச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 68.

நம் வகுப்பறையில்

2016இல் இத்திறன்கள் பள்ளி மாணவருக்கான பாடத்திட்டமாகவும் அமெரிக்காவில் நூல்வடிவம் பெற்றன. தமிழாசிரியர்களுக்கு நம் இலக்கணமே ஒரு வழி தருகிறது, பாருங்கள். "நீ வருத்தப்படுறது சரி, ஆனா படிக்கணும்ல?" என்கிறோம். அந்த 'ஆனா' முன்பாதியை அழித்துவிடுகிறது. மாணவர் காதில் விழுவது பின்பாதி மட்டுமே. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ வருத்தப்படுவதும் நியாயம், அடுத்த தேர்வுக்கு நாம் தயாராவதும் அவசியம்." எண்ணும்மை இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. லினெஹன் பல ஆண்டுகள் தேடியது இதைத்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். டி.பி.டி. பயிற்சி பெற்றவர்கள் குழுவாகச் செய்யும் சிகிச்சை. நாம் சிகிச்சையாளர்கள் அல்லர். ஒரு மாணவர் தன்னைக் காயப்படுத்துவதாகவோ வாழப் பிடிக்கவில்லை என்றோ சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றே பள்ளி ஆலோசகரிடம் நீங்களே கூட்டிச் செல்லுங்கள். மாணவர்களே, நண்பர் சொன்னாலும் இதேதான்: நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

சிந்தனை வினாக்கள்

1. மாற்றத்தை மட்டும் வலியுறுத்திய சிகிச்சை ஏன் தோற்றது? விளக்குக.
2. நீங்கள் அண்மையில் 'ஆனால்' என்று சொன்ன ஓர் அறிவுரையை எண்ணும்மை கொண்டு மாற்றி எழுதுக. பொருளில் என்ன மாறுகிறது?