பெரட்டில் விடுபட்ட பெயர்கள்

மலாயாவின் பாலிங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக் கூட்டம் கூடுவதும், தோட்டத்துக் கணக்கரான கிராணியார் பெயர் வாசித்துச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறியிடுவதும் நித்திய கர்மமாக நடந்துவந்த நாளில், அக்குறியே கூலிக்கு ஆதாரமாகவும், ஒருவன் உயிரோடிருக்கிறான் என்பதற்குச் சாட்சியமாகவும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து ஏறத்தாழ 78 ஆயிரம் பேரைக் கொண்டுசென்றபோது, ஆளும் கணக்கும் ஒருங்கே சிதைந்தன. யுத்தத்தால் 1941ஆம் வருஷத்து ஜனக்கணக்கும் நின்றுபோகவே, 1931இல் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேலிருந்த இந்தியர் 1947இல் 6 லட்சத்துக்கும் குறைந்ததில், மாண்டவர் எத்தனை, தாயகம் திரும்பியவர் எத்தனை என்று பிரித்தறிவது அரிதாயிற்று.

இத்தகைய வெற்றிடங்களுக்கு டொனால்டு ரூபின் என்னும் அமெரிக்கப் புள்ளியியலார் 1970களில் வகுத்த உபாயம், சராசரியொன்றை இட்டு ஒப்பேற்றாமல், தெரிந்த வயது, ஊர், தொழில் ஆகியவற்றைக் கொண்டு வெவ்வேறு அனுமானங்களால் பலமுறை நிரப்பி, விடைகளுக்கிடையே தோன்றும் வித்தியாசத்தையும் நம் அறியாமையின் அளவாகக் கணக்கில் சேர்ப்பதாகும். ஆயினும், குடும்பத்தோடு அழிந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆளே எஞ்சாதபோது, எஞ்சியோரின் சாயலிலேயே அவர்களை நிரப்பினால் சாவு குறைந்தே தோன்றும். பாலிங் பக்கம் பழைய செக்ரோல் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் கிடந்தால், கரையான் தின்னுமுன் படியெடுத்து வையுங்கள்.