சேஃப்டி ரேசரில் ஷேவ் செய்தால் முகம் எரிகிறதா? பிளேடின் கோணத்தைக் கவனியுங்கள்!

கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல் சேஃப்டி ரேசருக்கு மாறுபவர்கள் உண்டு. அப்பா, தாத்தா காலத்தில் வீட்டில் இருந்த அதே ரேசர்தான். ஒரு பிளேடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால், மாறிய முதல் வாரத்திலேயே கழுத்தெல்லாம் சிவந்து, தாடையில் இரண்டு வெட்டும் விழுந்தால் 'இது நமக்கு செட் ஆகாது' என்று ஓரங்கட்டி விடுகிறார்கள். இல்லையென்றால் பிளேடு பிராண்டை மாற்றுவார்கள், கிரீமை மாற்றுவார்கள். கையில் பிடிக்கும் கோணத்தை மட்டும் மாற்ற மாட்டார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கார்ட்ரிட்ஜில் வராத பிரச்னை இதில் ஏன்?

கார்ட்ரிட்ஜ் ரேசரில் பிளேடின் கோணத்தைத் தயாரிக்கும் கம்பெனியே முடிவு செய்துவிடுகிறது. 1977-ல் ஜில்லெட் கொண்டுவந்த 'அட்ரா' ரேசரில் தலைப்பகுதி அசைந்து கொடுக்கும். அதற்குப் பிறகு வந்த ரேசர்கள் பலவும் அப்படித்தான். கையை எப்படிப் பிடித்தாலும், தலைப்பகுதி தானாகத் திரும்பி முகத்தில் படிந்துகொள்ளும். கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும். அதில் பழகிய கைக்கு 'கோணம்' என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

சேஃப்டி ரேசரின் கதை வேறு. அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் அடிப்படைதான் இன்றும் தொடர்கிறது. மெல்லிய, இரு பக்கமும் கூரான பிளேடை மேல்மூடி லேசாக வளைத்துப் பிடித்துக்கொள்ளும். கீழே ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். இரண்டுக்கும் நடுவே பிளேடின் விளிம்பு மட்டும் நூலளவு எட்டிப் பார்க்கும். பெயரில் இருக்கும் 'சேஃப்டி' அந்தத் தடுப்புப் பட்டைதான். அது பிளேடு ஆழமாக இறங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்ளோதான். தலைப்பகுதி அசையாது என்பதால் கோணத்துக்கு முழுப் பொறுப்பு நம்ம கைதான்.

30 டிகிரி என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தோலுக்கும் பிளேடுக்கும் இடையே சுமார் 30 டிகிரி இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணாடி முன்னால் நின்று யாரும் பாகைமானி வைத்து அளக்க முடியாது. தேவையும் இல்லை. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது.

நுரை போட்ட கன்னத்தில் ரேசரின் மேல்மூடியை வையுங்கள். கைப்பிடி கன்னத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு, தரைக்கு இணையாக இருக்கட்டும். இந்த நிலையில் மூடி மட்டும்தான் தோலில் படும். அப்படியே இழுத்தால் நுரை கொஞ்சம் வழியும், முடி போகாது. இப்போது கீழ்நோக்கி மெதுவாக இழுத்துக்கொண்டே கைப்பிடியைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள். ஓரிடத்தில் முடி வெட்டுப்படுவது விரலில் தெரியும். 'சரசர'வென்ற சத்தமும் கேட்கும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் ரேசருக்கான கோணம் அதுதான்.

அதற்கும் கீழே இறக்கினாலும் முடி போகத்தான் செய்யும். ஆனால், அப்போது பிளேடு முடியை அரியாமல் தோலைச் சுரண்ட ஆரம்பிக்கும். ஷேவ் முடித்ததும் வரும் எரிச்சலுக்கு இந்தச் சுரண்டல் முக்கியக் காரணம்.

முதல் சில நாட்களுக்குப் பிளேடே போடாமல், நுரையை மட்டும் வழித்துப் பழகலாம். சிரிப்பு வரும்தான், ஆனாலும் ரத்தம் வராமல் கை பழகிவிடும். பிளேடு போட்ட பிறகு குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டால், ஒன்று அங்கே முடி இல்லை அல்லது கோணம் தவறிவிட்டது.

தாடையைத் தாண்டினால்தான் சோதனை

கோணத்தைத் தரையை வைத்துக் கணக்கு போடக் கூடாது, தோலை வைத்துத்தான் போட வேண்டும். முதல் முறை பிடிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். கன்னம் ஓரளவு தட்டையான இடம். அங்கே கிடைத்த கோணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு தாடை எலும்பைத் தாண்டி இறங்கினால் என்ன ஆகும்? தோல் உள்நோக்கி மடங்கிவிடும். கை மட்டும் பழைய நிலையிலேயே நிற்கும். பிளேடு தோலைவிட்டு விலகி, மூடி மட்டும் உரசிக்கொண்டு போகும். முடி போகவில்லையே என்று அதே இடத்தில் நாலைந்து தடவை அழுத்தி இழுப்பார்கள். தாடைக்கு அடியில் சிவந்துபோவது இப்படித்தான். அங்கே கைப்பிடியை இன்னும் தாழ்த்தினால் ஒரே இழுப்பில் வேலை முடிந்துவிடும்.

அடுத்து கழுத்து. தாடைக்கு அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் தோல் மறுபடியும் திரும்புகிறது. இப்போது தாழ்த்திய கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கியாக வேண்டும். தூக்க மறந்தால் பிளேடு செங்குத்தாக நின்று தோலைக் கொத்தும். குரல்வளை மேட்டில் விழும் வெட்டுகளில் பாதி இந்த மறதியால் வருபவைதான் என்று சொன்னால் மிகையில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, எச்சில் விழுங்கியபடி அந்த மேட்டை ஒரு பக்கம் லேசாக நகர்த்தி, தட்டையாகும் இடத்தில் ஷேவ் செய்வது பழைய ஆட்களின் வித்தை.

இதனால்தான் நீளமான இழுப்பு வேண்டாம் என்கிறார்கள். விளம்பரத்தில் வருவதுபோல கிருதாவிலிருந்து கழுத்துவரை ஒரே இழுப்பாக இழுப்பது சேஃப்டி ரேசருக்கு ஒத்துவராது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இழுத்து, கோணத்தைச் சரிபார்த்து, மறுபடி இழுங்கள். மேலுதட்டைப் பல்லோடு ஒட்டி இழுத்துப் பிடித்தால் அந்தச் சின்ன இடமும் தட்டையாகிவிடும். சலூனில் கவனித்தால், ஷேவ் செய்பவரின் ஒரு கையில் கத்தி இருக்கும், இன்னொரு கை சும்மா இருக்காது. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். அவர் கையில் இருக்கும் அரை பிளேடு கத்தியில் தடுப்புப் பட்டைகூடக் கிடையாது.

அழுத்தம் கூடினால் கோணம் கெடும்

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. அழுத்தினால் தோல் உள்வாங்கி, பிளேடுக்கு முன்னால் சின்ன மேடாகப் புடைக்கும். அந்த மேட்டில் பிளேடு படும் கோணம் நீங்கள் வைத்த கோணம் கிடையாது. அதனால் கைப்பிடியை முஷ்டியில் இறுக்காமல், அடிப்பக்கமாக விரல் நுனியில் பிடித்து, ரேசரின் எடையே வேலை செய்யட்டும் என்று விட்டுவிட வேண்டும். முடியை முன்கூட்டியே சில நிமிடங்கள் வெந்நீரில் நன்றாக நனைத்துவிட்டால் அழுத்தத் தோன்றவே தோன்றாது. நனைந்த முடியை வெட்டுவது எளிது.

முதல் சுற்று முடி வளரும் திசையிலேயே போகட்டும். கழுத்தில் சிலருக்கு முடி சுழன்று வளரும், ஷேவ் செய்யும் முன் விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுருட்டை முடி உள்ளவர்கள் எதிர்த் திசையில் ஒட்ட வழித்தால், முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும். பளபளவென்ற கன்னத்துக்காக அந்த அவஸ்தை தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சேஃப்டி ரேசருக்கு மாறும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எல்லா ரேசருக்கும் ஒரே கோணமா?

இல்லை. மேல்மூடியின் வளைவு, பிளேடு வெளியே நீட்டும் அளவு, தடுப்புப் பட்டை இருக்கும் தூரம் ஆகியவை ரேசருக்கு ரேசர் மாறும். சிலவற்றில் கைப்பிடி தூக்கலாக இருக்கும்போதே முடி வெட்டுப்படும், சிலவற்றில் நன்றாகத் தாழ்த்த வேண்டியிருக்கும். நண்பர் சொன்ன கோணம் உங்கள் ரேசருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். திருகினால் பிளேடு இடைவெளி கூடிக் குறையும் ரேசர்களும் கிடைக்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் அதைக் குறைந்த அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பிளேடைப் போட்டதும் ரேசரின் தலையை ஒருமுறை நேராகப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் பிளேடு தெரிந்தால் அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கோணத்தில் பிடித்தாலும் வெட்டு நிச்சயம். திருகைத் தளர்த்தி, கூரில்லாத குட்டை ஓரங்களைப் பிடித்து நேராக்கி, மறுபடி இறுக்க வேண்டும்.

முடியைவிடக் கடினமான இரும்பு ஏன் மழுங்குகிறது?

இதிலும் கோணம் வருகிறது. முடியைவிட பிளேடின் எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. ஆனாலும் சில ஷேவிங்கிலேயே மழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக இதைப் பார்த்து, 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பிளேடு மெல்ல மெல்லத் தேய்வது மட்டும் காரணமில்லை. முடி வளைந்து, பிளேடின் விளிம்பைச் சாய்வாகச் சந்திக்கும்போது, எஃகின் பலவீனமான புள்ளியில் நுண்ணிய சில்லு பெயர்ந்துவிடுகிறது. ஒரு முடி போதும் என்பதுதான் ஆச்சரியம்.

நேற்றுவரை சரியாக வந்த அதே கோணத்தில் இன்று முடி பிடித்து இழுப்பதுபோல் இருந்தால், கோணத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பிளேடு மழுங்கிவிட்டது. 5 முதல் 7 ஷேவுக்கு ஒருமுறை மாற்றிவிடச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பு. பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள், கவரைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழித்துவிடும். காலி டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, நிரம்பியதும் மூடி ஒட்டித் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.