கீஸ் பெண்ட் ஒட்டுத்துணிப் போர்வைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் அமைந்த கீஸ் பெண்ட் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்துவரும் போர்வைகள். இவர்களின் முன்னோர் அங்கிருந்த பருத்திப் பண்ணையில் அடிமைகளாக உழைத்தவர்கள். பின்னர் குத்தகை விவசாயிகள் ஆனார்கள். காற்றுப் புகும் மரவீடுகளில் குளிர்தாங்கப் போர்வை வேண்டியிருந்தது. துணி வாங்கப் பணமில்லை. வயல்வேலையில் கிழிந்த கால்சட்டை, சட்டை, உரச்சாக்கு எல்லாம் போர்வையாயின. தேய்ந்த முழங்கால் பகுதியும், கால்சட்டைப் பையைப் பிரித்த இடத்தில் வெளுக்காமல் நின்ற நீலமுமே இவற்றின் தனியழகு. நடுத்துண்டைச் சுற்றிப் பட்டைகளை அடுக்குவது பரவலான அமைப்பு. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையே பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்துத் தைப்பர். 1966-இல் இவ்வட்டாரப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் போர்வைத் தையல் கூட்டுறவைத் தொடங்கினர். 2002-இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இப்போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் இவை அமெரிக்க அஞ்சல்தலைகளில் இடம்பெற்றன.